யாருடைய பிள்ளைகளைக் காக்கிறது வயதுச் சான்றிதழ்?

2023 மார்ச் 30ஆம் நாள் சென்னை கோயம்பேட்டிலுள்ள ரோகிணி திரையரங்கின் வாசலில் எடுக்கப்பட்ட காணொளியை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். 'பத்து தல' படம் வெளியான நாள் அது. நரிக்குறவர் சமூகத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம் நுழைவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே செல்லக் கேட்கிறது. சீட்டைச் சரிபார்க்கும் ஊழியர் விட மறுக்கிறார். அருகிலிருந்த ரசிகர்கள் தட்டிக் கேட்கிறார்கள். ஒருவர் அதைப் படம்பிடிக்கிறார். சில மணி நேரத்தில் தமிழகமே அதைப் பார்த்தது. குடும்பம் பின்னர் உள்ளே அனுமதிக்கப்பட்டது. ஊழியர்கள் இருவர் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவானது.

நாம் இங்கே பேச விரும்புவது திரையரங்க நிர்வாகம் அன்று தந்த விளக்கத்தைப் பற்றி. படம் 'யு/ஏ' சான்றிதழ் பெற்றது; 12 வயதுக்குட்பட்ட சிறுவர்களை அத்தகைய படத்துக்குச் சட்டப்படி அனுமதிக்க முடியாது; வந்த குடும்பத்தில் 2, 6, 8, 10 வயதுப் பிள்ளைகள் இருந்தார்கள்; ஆகவேதான் ஊழியர் தடுத்தார். இதுவே விளக்கம். அதாவது, தடுத்தது சாதியல்ல, வயது.

முதல் நாள் முதல் காட்சிக்குப் போன எவருக்கும் இந்த விளக்கம் சிரிப்பை வரவழைக்கும். தோளில் கைக்குழந்தையோடும் கையில் பாப்கார்னோடும் தாதா படங்களுக்குள் நுழையும் குடும்பங்களை நாம் காணாத வாரமில்லை. அவர்களிடம் யாரும் பிறப்புச் சான்றிதழ் கேட்பதில்லை. ஆனால் அந்த விளக்கம் பழக்கத்துக்கு முரணானது மட்டுமல்ல, சட்டப்படியே பிழையானது. 1983 முதல் அப்போது வரை நடைமுறையில் இருந்த 'யு/ஏ' வகையின் பொருள், 12 வயதுக்குட்பட்டோர் பெற்றோரின் வழிகாட்டுதலோடு பார்க்கலாம் என்பதே. பதினெட்டு வயது நிரம்பாதவரை வாசலில் நிறுத்தும் அதிகாரம் 'ஏ' படத்துக்கு மட்டுமே உண்டு. பிள்ளைகளோடு பெற்றோர் வந்திருந்த இடத்தில், சட்டம் கேட்கும் வழிகாட்டுதல் அங்கேயே நின்றுகொண்டிருந்தது.

இன்னொரு செய்தியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகங்களைத் தமிழகப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2022 டிசம்பரில். பல பத்தாண்டுக் காத்திருப்புக்குப் பிறகு கிடைத்த அந்த ஏற்புக்குச் சுமார் மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. பொதுக் கேளிக்கை இடங்களுக்குள் நுழைவதைச் சாதியின் பெயரால் தடுக்கக் கூடாதென்று அரசியலமைப்பின் 15(2) பிரிவு சொல்கிறது. தடுப்பது குற்றம் என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சொல்கிறது. இவ்வளவு பெரிய சட்டங்கள் எதிரே நிற்கும்போது, வாசலில் இருப்பவருக்கு வேறொரு சட்டத்தின் பெயர் தேவைப்பட்டது. வயதுச் சான்றிதழ் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

அதே ஆண்டு ஆகஸ்டில் திரைப்படச் சட்டம் திருத்தப்பட்டது. 'யு/ஏ' என்பது 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரிந்தது. அந்தத் திருத்தத்தில் நம் தோழர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டிய ஒரு கூறு உள்ளது. இந்த வயதுக் குறிகள் பெற்றோரோ பாதுகாவலரோ முடிவெடுக்க உதவுவதற்கானவை. அவர்களைத் தவிர வேறெவரும் இவற்றை நடைமுறைப்படுத்த முடியாது என்பதே அது. கோயம்பேட்டு வாசலில் சொல்லப்பட்ட காரணத்தை இனி எந்த வாசலிலும் எவரும் சொல்ல முடியாது. சொன்னால், அது சட்டத்தின் பெயரால் சொல்லப்படும் பொய்.

இந்தச் சான்றிதழ் எப்படி உருவாகிறது, யாருக்கு என்ன தருகிறது என்று பார்த்தால், பிள்ளைகளின் நலன் அதில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்பது விளங்கும்.

தயாரிப்பு நிறுவனம் படத்தை மத்தியத் திரைப்படச் சான்றளிப்பு வாரியத்தின் மண்டல அலுவலகத்தில் ஒப்படைக்கிறது. ஆய்வுக் குழு பார்க்கிறது. நாடகம் அதன் பிறகுதான் தொடங்குகிறது. இந்த வெட்டுகளை ஏற்றால் 'யு/ஏ', ஏற்காவிட்டால் 'ஏ' என்ற பேரம் நடக்கிறது. திரில்லர் படங்கள்தாம் இந்தப் பேரத்தில் அதிகம் சிக்குபவை. கொலை, விசாரணை, கடத்தல், பழிவாங்கல் என்று அந்த வகைமையே எல்லைக்கோட்டின் மீது நிற்கிறது. எத்தனை நொடி ரத்தம், எத்தனை முறை கத்தி இறங்குகிறது, எந்த வசைச்சொல்லின் ஒலியை நீக்குவது என்று அறைக்குள் கணக்குப் பார்க்கப்படுகிறது.

அந்தக் கணக்கின் மறுபக்கம் பணம். 'ஏ' படத்தை அப்படியே தொலைக்காட்சியில் ஒளிபரப்ப முடியாது; வெட்டி, மறுபடி சான்றிதழ் பெற வேண்டும். ஆகவே தொலைக்காட்சி உரிமையின் விலை சான்றிதழோடு கட்டப்பட்டுள்ளது. குடும்பத்தோடு வரும் கூட்டமும் அப்படித்தான்: ஒரு பிள்ளைக்கு அனுமதி இல்லையென்றால் நான்கு சீட்டும் விற்பனையாகாது. தமிழகத்தில் இதற்கு மேலும் ஒரு வரலாறு உண்டு. 2006இல் தமிழில் பெயர் வைத்த படங்களுக்குக் கேளிக்கை வரி விலக்கு தரப்பட்டது. 2011இல் வந்த அரசு, 'யு' சான்றிதழையும் தமிழ்ப் பண்பாட்டையும் அதற்கு நிபந்தனையாக்கியது. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வரும்வரை, ஆறு ஆண்டுகள், 'யு' என்ற ஒற்றை எழுத்துக்கு நேரடியாகவே ஒரு விலை இருந்தது. அந்த ஆறு ஆண்டுகளில் கதை எழுதும் மேசையிலேயே கத்தரிக்கோல் வைக்கப்பட்டது. ஒரு கொலைக் காட்சியைக் குறைத்தால் வரி மிச்சம். ஒரு சேரியை இழிவுபடுத்தும் நகைச்சுவையைக் குறைத்தால் எந்த மிச்சமும் இல்லை.

அண்மைய எடுத்துக்காட்டு 'கூலி'. 2025 ஆகஸ்ட் 14 அன்று வெளியான அந்தப் படத்துக்கு வன்முறைக்காக 'ஏ' சான்றிதழ் தரப்பட்டது. படம் திரையரங்குகளில் ஓடிக்கொண்டிருக்கும்போதே தயாரிப்பு நிறுவனமான சன் பிக்சர்ஸ் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகி 'யு/ஏ' கேட்டது. இதே அளவு வன்முறை கொண்ட வேறு படங்களுக்கு 'யு/ஏ' கிடைத்திருக்கிறது, குடும்பங்கள் பிள்ளைகளோடு வர முடியவில்லை என்பது வாதம். வெட்டுகளோடு 'யு/ஏ' தர முன்வந்தபோது அதை ஏற்காமல், 'ஏ' சான்றிதழைப் பெற்றுக்கொண்டு வெளியிட்டது நிறுவனம்தானே என்பது வாரியத்தின் பதில். மாத இறுதியில் நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது.

அந்த வழக்கில் நமக்கு எந்தப் பக்கமும் இல்லை. ஆனால் அதில் பேசப்பட்டதைக் கவனியுங்கள். இரு தரப்பும் பேசியது ரத்தத்தின் அளவைப் பற்றி. ஒரு படத்தில் இவ்வளவு, இன்னொன்றில் அவ்வளவு. பதினைந்து வயதுப் பிள்ளையின் மனதில் ஒரு படம் எதை விதைக்கிறது என்று கேட்டால் வன்முறையின் அளவு ஒரு விடைதான், முழு விடையல்ல.

தமிழ்ப் போலீஸ் திரில்லர்களின் வழக்கமான காட்சியை எடுத்துக்கொள்வோம். ஒரு கொலை நடக்கிறது. காவல்துறை சில வீடுகளுக்குப் போகிறது. அந்த வீடுகள் எங்கே இருக்கின்றன என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு, வடசென்னைச் சந்து, கூவக்கரை. தூக்கி வரப்படும் இளைஞன் சுவரோடு சாத்தி அடிக்கப்படுகிறான். அவன் குற்றவாளி இல்லையென்று பின்னர் தெரிந்தாலும் அந்த அடிக்கு யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை. கதை அடுத்த தடயத்துக்கு நகர்ந்துவிடுகிறது. அடித்தவர் கதாநாயகன். இறுதியில் நடக்கும் 'என்கவுன்டர்' கைதட்டலுக்கானது. ரத்தம் குறைவாகத் தெறித்தால் இக்காட்சி எல்லா வயதினருக்கும் உகந்ததாகிவிடுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் பட்டியல் சாதியினர் 16.6 விழுக்காடு, ஆனால் சிறைவாசிகளில் ஐந்தில் ஒருவருக்குச் சற்று மேல் பட்டியல் சாதியினர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் சிறைப் புள்ளிவிவரம் காட்டுகிறது. திரையில் முதலில் யார் வீட்டுக் கதவு தட்டப்படுகிறதோ, அதுவே வெளியிலும் நடக்கிறது. திரைதான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. திரை அதை இயல்பாக்குகிறது என்கிறோம்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவல் சித்திரவதையில் இறந்தபோது, 'சாமி', 'சிங்கம்' படங்களின் இயக்குநர் ஹரி, காவல்துறையைப் பெருமைப்படுத்தி ஐந்து படங்கள் எடுத்ததற்காக வருந்துவதாக அறிக்கை விட்டார். அரிதான ஒப்புதல் அது. அந்த வருத்தம் எந்தச் சான்றளிப்பு வழிகாட்டுதலுக்குள்ளும் இதுவரை நுழையவில்லை.

சொற்களின் கதை இன்னும் மோசம். 'சண்டாளர்' என்பது தமிழகப் பட்டியல் சாதிகளின் பட்டியலில் உள்ள ஒரு சமூகத்தின் பெயர். எத்தனை படங்களில், எத்தனை பாட்டுகளில், எத்தனை நகைச்சுவைக் காட்சிகளில் அது வசையாக ஒலித்திருக்கிறது! அதைத் தவிர்க்க வேண்டுமென்றும் மீறினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் நடவடிக்கை வரும் என்றும் மாநில ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் 2024 ஜூலையில்தான் அறிவித்தது. அதுவரை அந்தச் சொல் குழந்தைகள் கேட்கத் தக்கதாகவே இருந்து வந்திருக்கிறது. இத்தனைக்கும் 1991இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல்களில், இனம், மதம் அல்லது வேறு எந்தக் குழுவையும் இழிவுபடுத்தும் காட்சியோ சொல்லோ இடம்பெறக் கூடாதென்ற விதி இருக்கிறது. 'வேறு எந்தக் குழுவும்' என்பதற்குள் சாதி அடங்கும். விதி இருக்கிறது, அதைக் கேட்கும் காது இல்லை.

பழைய நிகழ்வு ஒன்றையும் நினைவூட்ட வேண்டும். 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற படம், சாதி அடிப்படையிலான இட ஒதுக்கீட்டைச் சாடி, பொருளாதார அளவுகோலை முன்வைத்தது. அதற்குக் கிடைத்தது 'யு'. சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சான்றிதழை நீக்கியது. 1989 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதை மீட்டுக் கொடுத்தது. போராட்டம் வெடிக்கும் என்ற அச்சுறுத்தலைக் காட்டிக் கருத்துரிமையை ஒடுக்க முடியாதென்ற அந்தத் தீர்ப்பை நாம் எதிர்க்கவில்லை. நம் தரப்புப் படங்களுக்கும் பின்னாளில் கேடயமாக நிற்கக் கூடிய தீர்ப்பு அது. நாம் கேட்பது ஒன்றுதான்: நம் உரிமையை எதிர்க்கும் படம் எட்டு வயதுப் பிள்ளைக்கும் உகந்ததென்றால், நம் வாழ்வைச் சொல்லும் படம் ஏன் இல்லை?

2025ஆம் ஆண்டு அதற்கு மூன்று விடைகளைத் தந்தது. முதலாவது திரில்லர் அல்ல. சோதிராவ், சாவித்திரிபாய் இணையரின் வாழ்க்கை வரலாறான 'புலே'. 'யு' சான்றிதழ் கிடைத்தது. ஆனால் மகார், மாங், பேஷ்வா ஆட்சி முதலிய சொற்களை நீக்கவோ மாற்றவோ வாரியம் கேட்டது என்றும், மூவாயிரம் ஆண்டு அடிமைத்தனம் 'பல ஆண்டு' ஆக்கப்பட்டது என்றும் செய்திகள் வந்தன. புலேவின் பிறந்த நாளான ஏப்ரல் 11 அன்று வரவேண்டிய படம் ஏப்ரல் 25க்குத் தள்ளிப்போனது. சாதியை எதிர்த்தவரின் கதையைக் குழந்தைகள் பார்க்கலாம், சாதியின் பெயரைக் கேட்கக் கூடாது!

இரண்டாவது, 'பரியேறும் பெருமாள்' கதையை இந்தியில் எடுத்த 'தடக் 2'. தர்மா நிறுவனம் போன்ற பெரும் நிறுவனம் பின்னால் நின்றும் 16 மாற்றங்களோடு 'யு/ஏ 16+' தரப்பட்டது. சாதிப் பெயர்களின் ஒலி நீக்கப்பட்டது. இங்கே நாம் ஒரு கணம் நிற்க வேண்டும். ஒடுக்குபவன் வாயில் வரும் இழிசொல்லை நீக்குவது நமக்கு நன்மைதானே என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஒரு நகைச்சுவை நடிகர் வீசிவிட்டுப் போகும் சொல்லும், அதே சொல்லால் ஒரு மாணவன் குலைந்து போவதைக் காட்டும் காட்சியும் ஒன்றல்ல. முதலாவதை விட்டுவைத்து இரண்டாவதை ஊமையாக்கினால், இழிவு நடந்ததற்கான சாட்சியம்தான் அழிகிறது.

மூன்றாவது முழுக்கத் திரில்லர். சந்தியா சூரி இயக்கிய 'சந்தோஷ்'. கணவன் இறந்தபின் அவருடைய காவலர் பணியைப் பெறும் ஓர் இளம்பெண், ஒரு தலித் சிறுமியின் கொலையை விசாரிக்கும் குழுவில் சேர்கிறார். கான் விழாவில் திரையிடப்பட்ட படம்; ஆஸ்கர் விருதுக்குப் பிரித்தானியா அனுப்பிய படம். வாரியம் கேட்ட வெட்டுகள் பல பக்கம் நீண்டன. காவல்துறை வன்முறை, பெண் வெறுப்பு, சாதி என்று படம் எவற்றைப் பற்றியதோ அவற்றையே வெட்டச் சொன்னார்கள். இயக்குநர் ஏற்க முடியாதென்றார். 'ஏ' கூடக் கிடைக்கவில்லை. வயது வந்த குடிமக்களுக்கே உகந்ததல்ல என்றான பிறகு, இங்கே வயது என்ற பேச்சே எழவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் இணையவழித் தளமொன்றில் வெளிவரும் என்று அறிவிக்கப்பட்டு, அதுவும் நின்றுபோனது. இத்தனைக்கும் அதிலுள்ள குற்றவாளியைத் தேடும் கதைப்போக்கு நம் கமர்ஷியல் திரில்லர்களின் போக்கேதான். தூக்கி வரப்படுபவனை அடிக்கும்போது கேமரா யார் முகத்தில் நிற்கிறது என்பதில்தான் வேறுபாடு.

சிக்கலான இடத்தையும் தவிர்க்காமல் பேசியாக வேண்டும். வெற்றிமாறனின் 'விடுதலை' முதல் பாகத்துக்கு 'ஏ' கிடைத்தது. மலைக் கிராமப் பெண்கள் ஆடைகளைந்து சித்திரவதை செய்யப்படும் காட்சிகளை நாம் பத்து வயதுப் பிள்ளைக்குக் காட்டச் சொல்லவில்லை. வயதுவாரியாகப் பிரிப்பதே சதி என்ற பேச்சு நமக்கு உதவாது. நம் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆனால் அந்தக் காட்சிகளைப் பார்த்த எவருக்கும் வாச்சாத்தி நினைவுக்கு வந்திருக்கும். 1992 ஜூனில் தருமபுரி மாவட்டத்தின் அந்தப் பழங்குடிக் கிராமத்தில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த் துறையினர் நடத்திய வெறியாட்டத்தில் 18 பெண்கள் பாலியல் வன்முறைக்கு ஆளானார்கள். அவர்களில் பதின்வயதுச் சிறுமியும் உண்டு. 2011இல் 215 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. 2023 செப்டம்பரில்தான் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அந்தக் கிராமத்தின் பிள்ளைகளுக்கு யாரும் எந்தச் சான்றிதழும் தரவில்லை. இதைச் சொல்வது உணர்ச்சியைக் கிளறுவதற்காக அல்ல. 'ஏ' என்பது 'கெட்ட படம்' என்ற பொதுப்புத்தி நம் சமூகத்தில் இருக்கிறது. அதனால் 'ஏ' பெற்ற உண்மை, தொலைக்காட்சி வழியாக வீடுகளுக்குள் வருவதில்லை. 'யு' பெற்ற இழிவு பண்டிகைக்குப் பண்டிகை வருகிறது. இருவகைப் படங்களுக்கும் இடையே ஒரு நேர்மையான அளவுகோல் இல்லாததே நம் குறை.

அந்த அளவுகோல் இந்தியச் சட்டத்திலேயே இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 2021 பிப்ரவரியில் இணையவழித் தளங்களுக்காக மத்திய அரசு கொண்டுவந்த தகவல் தொழில்நுட்ப விதிகளின் இணைப்பில், வயது வகைப்பாட்டுக்கான பொருள்கள் வரிசையாகத் தரப்பட்டுள்ளன. வன்முறை, பாலியல், போதைப்பொருள், மொழி என்பவற்றோடு 'பாகுபாடு' என்றொரு தலைப்பும் அதில் உண்டு. அதன்கீழ் சாதி பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கிறது. பாகுபாட்டின் வலிமையையும் தாக்கத்தையும் கணக்கிலெடுத்து வயதை முடிவுசெய்ய வேண்டும் என்கிறது விதி. பிரித்தானியாவின் வகைப்பாட்டு வாரியம் நெடுங்காலமாகவே பாகுபாட்டைத் தனித் தலைப்பாகப் பார்க்கிறது. ஒரு படத்துக்கு ஏன் இந்த வயது என்ற காரணத்தையும் சுருக்கமாக வெளியிடுகிறது. நம் கைப்பேசித் திரைக்கு உள்ள விதி, நம் திரையரங்குக்கு ஏன் இல்லை? கைப்பேசியிலும் கூடத் திரையின் மூலையில் தோன்றும் குறிப்பில் 'வன்முறை', 'புகைபிடித்தல்', 'ஆபாச மொழி' என்று படிக்கிறோமே தவிர, 'சாதிப் பாகுபாடு' என்று நாம் படித்ததில்லை.

இதில் ஒரு கண்ணி இருப்பதையும் மறைக்க வேண்டாம். 'பாகுபாடு' என்ற தலைப்பை இன்றிருக்கும் வாரியத்திடம் அப்படியே கொடுத்தால், சாதியைக் காட்டிய குற்றத்துக்காக நம் படங்களுக்கே 'ஏ' குத்தப்படும். 'புலே'வுக்கு நடந்தது அதற்கு முன்னோட்டம். ஆகவே கோரிக்கையைத் துல்லியமாக வைக்க வேண்டும். பாகுபாட்டைக் காட்டுவதும் பாகுபாட்டைக் கொண்டாடுவதும் வெவ்வேறு. படத்தை முழுமையாகப் பார்த்து அதன் ஒட்டுமொத்தத் தாக்கத்தைக் கொண்டு முடிவுசெய்ய வேண்டுமென்று 1991 வழிகாட்டுதலே சொல்கிறது. அதைச் செய்ய, பார்ப்பவர்கள் யார் என்பது முக்கியம். 2024 சான்றளிப்பு விதிகள் வாரியத்தில் மூன்றில் ஒரு பங்கேனும் பெண்கள் இருக்க வேண்டும், பாதியளவு இருப்பது நல்லது என்கின்றன. வரவேற்கிறோம். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் அப்படியொரு வரி அந்த விதிகளில் இல்லை.

தயாரிப்பு நிறுவனங்களுக்கு இதில் பொறுப்பில்லையா என்று கேட்டால், இருக்கிறது; ஆனால் எல்லா நிறுவனங்களும் ஒரே படியில் நிற்கவில்லை. 2021 ஏப்ரலில் திரைப்படச் சான்றளிப்பு மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் கலைக்கப்பட்டது. அதற்குமுன், வாரியத்தின் முடிவு பிடிக்காத தயாரிப்பாளர் குறைந்த செலவில் அங்கே போகலாம். இப்போது உயர் நீதிமன்றம்தான் வழி. பெரும் நிறுவனம், படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மூத்த வழக்கறிஞரை நிறுத்துகிறது. தோற்றாலும் வசூல் நிற்காது. சிறு நிறுவனத்துக்குத் தள்ளிப்போகும் ஒவ்வொரு மாதமும் வட்டி.

வெற்றிமாறனின் கிராஸ் ரூட் நிறுவனம் தயாரித்து, 'அறம்' கோபி நயினார் இயக்கிய 'மனுசி', காவல் விசாரணையில் சிக்கும் ஒரு பெண்ணைப் பற்றிய படம். முதலில் சான்றிதழே மறுக்கப்பட்டது. வாரியம் 37 ஆட்சேபங்களை வைத்தது. நீதிபதியே படத்தைப் பார்க்கும் நிலை 2025 ஆகஸ்டில் வந்தது. அதே நிறுவனத்தின் 'பேட் கேர்ள்' பல படிகள் ஏறி இறங்கி 'யு/ஏ 16+' பெற்றது. செப்டம்பர் தொடக்கத்தில் வெற்றிமாறன் தம் தயாரிப்பு நிறுவனத்தை மூடுவதாக அறிவித்தார். ஓர் இயக்குநராக அவர் தொடர்ந்து படமெடுப்பார். ஆனால் புதிதாக வரும் ஓர் ஒடுக்கப்பட்ட இளைஞர் தன் முதல் கதையைக் கொண்டுபோய்க் காட்டக்கூடிய கதவுகளில் ஒன்று சாத்தப்பட்டுவிட்டது. அடுத்த தயாரிப்பாளர் அந்த இளைஞரிடம் கதை கேட்கும்போது, 'இதுக்கு சென்சார் கெடைக்குமா?' என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். வெட்டு அங்கேயே, ஒரு வரி எழுதப்படும் முன்பே விழுந்துவிடுகிறது. எந்தப் பட்டியலிலும் அது பதிவாகாது.

கல்லூரித் தோழர்களுக்கு இதில் செய்வதற்கு வேலை இருக்கிறது. ஒரு படத்துக்கு என்ன சான்றிதழ், எந்தச் சொல் நீக்கப்பட்டது, எந்தச் சொல் நீக்கப்படவில்லை என்று ஓராண்டுத் தமிழ்த் திரில்லர்களை எடுத்து அட்டவணையிடுவது ஒரு முதுகலை ஆய்வேட்டுக்குப் போதுமான பொருள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மண்டல அலுவலகத்திடம் வெட்டுப் பட்டியல்களையும் அவற்றுக்கான காரணங்களையும் கேட்கலாம். 'சண்டாளர்' குறித்த ஆணையத்தின் அறிவிப்பை வாரியத்தின் சென்னை அலுவலகத்துக்கு அனுப்பி, அதன் மீது என்ன செய்தீர்கள் என்று எழுத்தில் கேட்கலாம். வாரியம் இதற்கெல்லாம் உடனே விடை தரும் என்ற நம்பிக்கை நமக்கு இல்லை; கேள்வி கோப்பில் ஏற வேண்டும், அவ்வளவே.

வாசலைப் பொறுத்தவரை விதி தெளிவாகிவிட்டது. 'யு/ஏ' படத்துக்குப் பெற்றோரோடு வரும் பிள்ளையை ஊழியர் தடுக்க முடியாது. திரையரங்கின் சீட்டு விற்கும் சாளரத்தருகே இந்த ஒரு வரியைத் தமிழில் எழுதி ஒட்டச் சொல்லி மாவட்ட ஆட்சியரிடம் மனுக் கொடுக்க ஐந்து பேர் போதும். நரிக்குறவர் குடியிருப்புகளிலும் இருளர் குடியிருப்புகளிலும் அதை வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வர ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.